ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்க மறுத்த யாழினி

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாமல்லபுரம் பக்கம் போனேன். கடற்கரைக் கோயிலைப் பார்க்க அல்ல. ஒரு அங்கன்வாடி காலை ஏழு மணிக்குத் திறப்பதைப் பார்க்க.

நான் பொதுக்கொள்கை படித்தவன். முன்பருவக் கல்வி பற்றி இரண்டு ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களில் குழந்தைகள் இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கேளம்பாக்கத்தில் என் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்பவர் ரேவதி. நெம்மேலிக்கு அருகே ஒரு சிற்றூர்க்காரர். ஏழரைக்கு அவர் முதல் வீட்டில் இருக்க வேண்டும். ஊர் அங்கன்வாடி திறப்பதோ ஒன்பதுக்கு. இடைப்பட்ட நேரத்தில் மூன்றரை வயது மகள் யாழினி, ஏழுமலை என்பவரின் ஷேர் ஆட்டோவில், ஓட்டுநர் பக்கத்தில். பயணிகளோடு போவாள், வருவாள். ஒன்பதுக்கு அவர் மையத்தில் இறக்கிவிடுவார். வேலைக்குப் போகும் வேறு இருவரின் பிள்ளைகளும் அப்படித்தான்.

ஒருநாள் திடீர் பிரேக். யாழினியின் நெற்றி கம்பியில் இடித்தது. அடுத்த கிராம சபையில் ரேவதி எழுந்து பேசினார். ஒரு மாதம் ஏழு மணிக்குத் திறந்து பார்க்க அனுமதி வந்தது. டீச்சரும் உதவியாளரும் முறை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வராவிட்டால் மறுபடி பழைய நேரம்.

முதல் வாரம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மூன்று பேரும் ஆட்டோவை விட்டு இறங்க மறுத்தார்கள். நான் போனது இரண்டாம் வாரம்.

வழி சொல்கிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். பேருந்தில் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இரவு அங்கே தங்கினேன். அறை எண்ணூறு ரூபாய், மின்விசிறி மட்டும். காலை ஆறு மணிப் பேருந்தில் வடக்கே. வலப்பக்கம் சவுக்கு, சவுக்குக்கு இடையே கடல். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தெரிந்ததும் எழுந்து நின்றுகொள்ளுங்கள். இறங்கிப் பத்து நிமிட நடை.

ஏழுக்கு ஐந்து நிமிடம். மையத்தின் வாசலில் ஆட்டோ.

“எறங்குடி. டைம் ஆவுது,” என்றார் ரேவதி.

“மாட்டேன். கோவளம் போணும்.” யாழினி கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பின்சீட்டில் மற்ற இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செய்வதுதான் அவர்களுக்குச் சட்டம்.

“இன்னா பண்றது அண்ணாத்த,” என்றார் ஏழுமலை என்னிடம். “என் வண்டியிலயே வளந்துகினு கீது. எந்த ஸ்டாப்புல யார் எறங்கணும்னு எனக்கே சொல்லுது.”

“நீதாண்ணா செல்லம் குடுத்துக் கெடுத்த,” என்றார் ரேவதி. பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில்: “உங்க அக்கா வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். மத்த ரெண்டு வூட்லயும் இனிமே லேட்டானா வேற ஆள் பாத்துக்கிறேன்னுட்டாங்க.”

நான் வாசித்த எதிலும் இந்தப் பத்து நிமிடத்துக்குப் பதில் இல்லை.

டீச்சர் கோமதி வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. கொஞ்சவில்லை, மிரட்டவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“கேளம்பாக்கம் போவுமா?”

யாழினி திரும்பினாள். “போவும். தள்ளி ஒக்காரு.”

ஏழுமலை இன்ஜினை உறுமவிட்டு நிறுத்தினார். வண்டி ஓரடிகூட நகரவில்லை.

“ஐயோ, என் ஸ்டாப் வந்திடுச்சே. அங்கன்வாடி.”

“அங்கன்வாடி எறங்கு! எறங்கு!”

“பை கனமா கீதும்மா. யாரு தூக்குவா?”

யாழினி கொஞ்சம் யோசித்தாள். கம்பியை விட்டாள். இறங்கிப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மற்ற இருவரும் பயணிகளாகப் பின்னால் போனார்கள்.

“இன்னாண்ணா வேடிக்க? எடு வண்டிய!” என்றார் ரேவதி. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே குட்டி நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதல் நாற்காலியில் உட்கார்ந்து யாழினி ஆட்டோ ஓட்டினாள். பத்து நிமிடம்தான். பிறகு “அம்மா” என்று பெருங்குரலில் அழுதாள். கோமதி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே மற்ற இருவருக்கும் டிக்கெட் கிழித்தார். அழுகை முடிய அரை மணி நேரம் ஆயிற்று. சத்துமாவு உருண்டை வந்தபோது முடிந்தது.

ஒன்பதரைக்கு ஏழுமலையின் வண்டியில் கேளம்பாக்கம் போனேன். நாற்பது ரூபாய்.

“அழுதாளா?”

“கொஞ்சம்.”

“அவ இல்லாம வண்டி பேஜாரா கீதுப்பா,” என்று ஹாரனை அடித்தார். எதிரே யாரும் இல்லை.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் சொல்லாமல் ஏழேகாலுக்கு வந்தாராம். அப்போது உள்ளே ஆறு பிள்ளைகள். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஏழு மணி தொடரும். அதற்குப் பிறகு தெரியாது.

பாடத்திட்டம், கட்டடம், சத்துணவு எல்லாம் வேண்டும். ஆனால் கதவு திறக்கும் மணியும் கொள்கைதான். அது எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. படாளம் பக்கம் நடவுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் வேறு மணி சொல்வார்கள். கேட்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே டீச்சரிடம் அனுமதி கேளுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். மிட்டாய் வேண்டாம். ஓரமாகத் தரையில் உட்காருங்கள், ஏதாவது ஸ்டாப்பில் உங்களையும் இறக்கிவிடுவார்கள்.

போக முடியாதவர்கள் உங்கள் ஊர் மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் கிராம சபையில் சொல்லுங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. ரேவதி அன்று சொன்னது இவ்வளவுதான்: “ஏழு மணிக்குத் தொறந்தா நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்.”

இப்போது போகிறார்.