ரோமாபுரிச் சிப்பாய்க்கு எந்த ஊர்?

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டில் பின்பக்கச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. சாரத்தின் மேல் நின்றிருந்த இன்னாசிமுத்து கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பழைய காலத்துச் சண்டையெல்லாம் எழுதுவியளாமே... இந்த ரோமாபுரிப் பட்டாளத்துக்காரன் என்ன பாஷை பேசுவான்?"

கலவை காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா இது? கீழே இறங்கச் சொல்லி, டீ கொடுத்து விசாரித்தேன்.

இன்னாசிக்குச் சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். பிழைப்பும் குடும்பமும் இங்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய கடலோரத்தில். அவருடைய சர்ச்சில் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நடித்துக்கொண்டே ஊர்வலம் போவார்கள். இத்தனை வருடமும் இன்னாசியின் பங்கு, சிலுவை நடுவதற்குக் குழி தோண்டுவது. இந்த வருடம்தான் வேஷம் கிடைத்தது — அதுவும் நூற்றுவர் தலைவர். சிலுவையடியில் காவல் நின்ற ரோமானிய அதிகாரி. கடைசியில் அண்ணாந்து பார்த்து, இவர் கடவுளின் மகன்தான் என்று ஒப்புக்கொள்கிறவர். ஒரே ஒரு வசனம். ஆனால் மைக்கில்!

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனிபர் கிளாஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்புறம் ரிகர்சல். இன்னாசி மலையாளத்தில் வசனத்தைச் சொன்னதும் கமிட்டி கன்வீனர் ஆன்றணி சேட்டன் கையைத் தூக்கி நிறுத்தினாராம்.

"எடே இன்னாசி, நீ பறயும்போ அது ரோமாபுரி இல்லடே. திருநெல்வேலி ஜங்ஷன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆளை மாற்றப்போவதாகப் பேச்சு.

"வேசம் போனாப் போட்டும் அண்ணாச்சி. பிள்ளைட்ட என்னன்னு சொல்ல?"

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஏனென்றால் விஷயம் இன்னாசி பக்கம்தான் இருக்கிறது. ரோமானியப் படை என்றால் நமக்கு இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய சிவந்த வீரர்கள் ஞாபகம். ஆனால் அந்தப் பெரிய படைப்பிரிவுகள் அப்போது வடக்கே சிரியாவில் இருந்தன. யூதேயாவை ஆண்ட பிலாத்துவின் கையில் இருந்தது பெரும்பாலும் துணைப்படைதான் — அக்கம்பக்கத்து ஊர்களில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். பாஸ்கா திருவிழாவுக்கு ஜெருசலேமில் கூட்டம் கூடும் அல்லவா? அதற்குப் பந்தோபஸ்து. இங்கே ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலைக்கு வெளி மாவட்டப் போலீஸ் வந்து இறங்குகிற மாதிரி. பக்கத்துச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள், உள்ளூர்ப் பேச்சைத் தங்கள் ஊர் ராகத்தில் பேசியிருப்பார்கள்.

அப்படியென்றால் இன்னாசியை விடப் பொருத்தமான ஆள் யார்?

ஞாயிற்றுக்கிழமை இன்னாசியோடு போய் சர்ச் முற்றத்தில் ஆன்றணி சேட்டனிடம் இதையெல்லாம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். சேட்டன் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"கொள்ளாமல்லோ சாரே! அப்ப சிப்பாய் நாலுபேரும் தமிழன்மாரு மதி. ஆபீசர் மட்டும் நம்மட ஆளு."

முடிந்தது கதை. கூட இருந்த பேங்க் கிளார்க் ஒருவர் அங்கேயே நூற்றுவர் தலைவர் ஆனார். இன்னாசி சிப்பாயாக இறக்கப்பட்டார் — சரித்திர ஆதாரத்தோடு. வசனம் கிடையாது. ஒரு மூங்கில் கம்பில் பஞ்சைக் குத்தி, புளித்த திராட்சை ரசத்தில் நனைத்து, சிலுவையில் இருப்பவர் வாயருகே நீட்டி எடுக்க வேண்டும். மூன்று விநாடி வேலை.

திரும்பும் வழியில், அந்தப் புளித்த ரசம் சிப்பாய்கள் தினமும் குடித்த மலிவான பானமாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"போதும் அண்ணாச்சி," என்றார் இன்னாசி. "நீங்க இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னியன்னா, என்னைய மறுபடியும் குழி தோண்ட விட்ருவாங்க."

பெரிய வெள்ளியன்று போயிருந்தேன். என்னால் கெட்டதை நான் பார்க்காமல் இருப்பது எப்படி? இயேசுவாக நடித்தவர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். நோன்பு வேறு. கடலோரத்து நண்பகல் வெயிலில், வெறுங்காலோடு, கனமான சிலுவையைச் சுமந்து வந்து ஏறினார். உதடு நிஜமாகவே வெடித்திருந்தது. இன்னாசி பஞ்சை நீட்டினார். எடுத்தார். ரிகர்சலில் அவ்வளவுதான்.

மேலேயிருந்து மெல்லிய குரல். "சேட்டா... கொறச்சுகூடி."

இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். இன்னாசி வாளியில் மறுபடி முக்கினார். நீட்டினார். அந்தப் பையன் பஞ்சை உறிஞ்சினான். மூன்றாம் முறை. நான்காம் முறை. மைக்கைப் பிடித்தபடி நூற்றுவர் தலைவர் காத்துக்கொண்டிருந்தார். மறைவிலிருந்து ஆன்றணி சேட்டன், போதும் என்கிற மாதிரி, "மதியெடே, மதி!" என்று பல்லைக் கடித்தார். இன்னாசி காதில் வாங்கவில்லை. சாரத்தில் நின்று வெயிலில் காய்கிறவருக்குத் தாகத்தின் அளவு தெரியாதா? கம்பை அசையாமல் பிடித்திருந்தார். பையன் போதும் என்று தலையசைத்த பிறகுதான் இறக்கினார்.

அதன் பிறகு அதிகாரி வசனம் சொன்னார். சுத்தமான மலையாளம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் மீதிப் பூச்சுக்கு இன்னாசி வந்தபோது, கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன். "ஜெனிபர் என்ன சொன்னா?"

"வாளியில என்ன ஊத்தி வச்சிருந்தியன்னு கேட்டா. வெறும் பச்சத் தண்ணிட்டின்னேன். 'பாவம், அந்தச் சேட்டனுக்கு அம்புட்டுத் தாகம். அடுத்த வருசம் மோரு கரைச்சு வைங்கப்பா'ன்னுட்டா."

பழங்காலத்துப் படைகளைப் பற்றி இத்தனை வருடமாகப் படிக்கிறேன்... இப்படி ஓர் உத்தரவு போட்ட தளபதி ஒருவர்கூட அகப்படவில்லை!