எல்லா வீட்டிலும் ஜெயவேல்

எர்ணாவூர் குடியிருப்பில் எந்தப் பிளாக்கில், எந்தப் படியில் நின்று போனை எடுத்தாலும் திரையில் முதலில் வந்து நிற்கிற பெயர் ஜெயவேல். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயர் இழுத்து, அத்தனை வீட்டுக்கும் நெட் கொடுத்தவர் அவர்தான். வைஃபை பெட்டியைச் சுவரில் மாட்டும்போதே அதற்குத் தன் பெயரை வைத்துவிடுவார். பாஸ்வேர்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்றேதான். அது அவர் பெயரில் ஆரம்பித்து அவர் செல் நம்பரில் முடியும். "ணா, பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று யாராவது போன் போட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தக் காலேஜில் படித்தவன் யோசித்திருப்பான்?

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. வியாசர்பாடியில் மாடி மாடியாக ஏறி, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி "தெரியுதா, தெரியுதா" என்று கத்தியதில் ஆரம்பித்த பிழைப்பு. பிறகு கேபிள் டிவி வந்தது, பிறகு நெட் வந்தது. ஒவ்வொன்றையும் கையில் ஷாக் வாங்கித்தான் கற்றுக்கொண்டார். யார் கையையும் பிடித்து மேலே ஏறிய ஆள் இல்லை. நம்பாதவர்கள் அவரிடமே கேட்கலாம். டீ ஆறிப்போகும்வரை சொல்லுவார்.

ஆனால் மனுஷனுக்கு ஓர் இடத்தில் சும்மா இருக்க வராது. காலையில் கண் விழித்ததும் செல்லில் செய்தி பார்க்க வேண்டும். எங்கேயோ ஒரு பேங்க் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டார்கள், எங்கேயோ ஒருவன் குரலையே திருடி அவன் பெண்டாட்டியிடம் பேசிவிட்டார்கள் என்று படிக்கப் படிக்க அவருக்கு உள்ளங்கை அரிக்கும். படித்ததை உடனே யாரிடமாவது கொட்ட வேண்டும். தௌசீஃப் டீக்கடைக்குப் போய்விடுவார்.

"பாய், சேதி பாத்தியா? கம்ப்யூட்டரே மன்சன் மாரி பேசுதாம்."

"உன்ன மாரியா நைனா? அதுவும் டீய ஆற வுட்டுட்டு பேசுமா?" என்றான் தௌசீஃப்.

"சிரி. தெரியாத லிங்க தொட்டீன்னு வெச்சுக்கோ, உன் கல்லா வரிக்கும் அவன் கை வந்துடும். நெட்டுன்றது கடல் மாரி. நான் குடுக்கற நெட்டு மட்டுந்தான் கரை."

"மய பேஞ்சா உன் கரை படுத்துக்குதே?"

"அது பாதுகாப்புக்கு" என்று சொல்லிவிட்டு ஜெயவேல் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார். அவர் பதில் சொல்ல முடியாமல் நின்றதை அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இரண்டாவது மாடியில் கெங்கம்மா வீட்டில் அன்றைக்கு விசேஷம். எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துத் தன் ஒரே மகள் மகிழினியை ஆளாக்கியவள் கெங்கம்மா. மகிழினிக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு பையனுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனுக்குத் தாய் இல்லை. விம்கோ நகரில் இருக்கும் அவன் அத்தை கார்குழலிதான் வளர்த்தாள். அவள் சரி என்றால் சரி. அவள் வந்து தட்டு மாற்றிவிட்டால் கல்யாணம் நிச்சயம்.

வந்தவர்கள் உட்கார்ந்து கலர் குடித்தார்கள். டிவியில் நெட்டிலிருந்து நாதஸ்வரம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கார்குழலி வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் எடுத்தாள். நாதஸ்வரம் பட்டென்று நின்றது. திரை முழுக்க, மாலை போட்ட ஒரு பெரியவரின் முகம். அடுத்த நொடி சட்டி மேளம் அதிர, அடித்தொண்டையில் ஒருவன் சாவு கானா எடுத்தான்: "எந்திரிச்சு வா நைனா, எல்லாரும் வந்துகீறோம்!"

கெங்கம்மா ரிமோட்டைத் தேடினாள். ரிமோட்டின் மேல் மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சத்தம் கூடிக்கொண்டே போனது. கார்குழலி தட்டைக் கீழே வைத்தாள்.

ஜெயவேலை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் மாடி ஏறி வரும்போது வராண்டாவே கொதித்துக்கொண்டிருந்தது. திரையில் தெரிந்த முகம் பக்கத்து வீட்டு பீம்ராவின் செத்துப்போன அப்பா. அன்றைக்குத்தான் அவருடைய வருஷ நினைவு நாள்.

"செருப்பு ஸ்டாண்ட நவுத்தி வெக்க சொன்னதுக்காடா எம்பொண்ணுக்கு சாவு பாட்டு போட்ட?" என்று கெங்கம்மா கத்தினாள்.

"அக்கா, நான் போன்லேர்ந்து எங்க வூட்டு டிவிக்குதான் போட்டேன்" என்றான் பீம்ராவ். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சொந்தக்காரங்கல்லாம் குந்திக்கினு கீறாங்கோ. எங்க டிவி ஊமையாட்டம் நிக்குது. சத்தம் வரலியேன்னு போன்ல ஏத்திக்கினே போனேன். எங்க நைனா மொகத்த நானே உன் வூட்டுக்கு அனுப்புவனா?"

எல்லார் கண்ணும் ஜெயவேல் பக்கம் திரும்பின. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து பழக்கமில்லை. பீம்ராவின் போனை வாங்கி இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைத் தட்டினார்.

"வைரஸ்" என்றார். "வெளிநாட்டு ஹேக்கர் வேலை. காலைல கூட சேதில சொன்னான்."

"எவன் பூந்தா இன்னா?" என்றாள் கார்குழலி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. "மொத மொத கால் வெக்கற வூட்டுல சாவு மோளம் கேட்டுச்சு. யோசிச்சு சொல்றோம்."

அவர்கள் போய்விட்டார்கள். உள்ளே மகிழினி புது வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

அதற்குப் பிறகு குடியிருப்பு முழுக்க ஹேக்கர் பேச்சுதான். ஒருத்தி டிவிக்குப் போர்வை போர்த்தினாள். ஒருத்தன் போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டான். சாம்பார் காரமாகிப்போனதற்குக்கூட ஹேக்கரைச் சொன்னார்கள். ஜெயவேல் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தார். மொட்டை மாடியில் ஒயரைத் தடவிப் பார்த்தார். தன் கோட்டைக்குள் ஒருவன் புகுந்திருக்கிறான், அவன் எந்த வழியாக வந்தான் என்று தெரியவில்லை. இதற்கு நடுவில், கார்குழலி காலடிப்பேட்டையில் வேறொரு பெண்ணை விசாரிக்கிறாளாம் என்ற சேதி தௌசீஃப் கடைக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சேதி வந்த மறுநாள் சாயந்திரம் கெங்கம்மா வீட்டுக்கு வெளியே, வராண்டாவில் நின்றுகொண்டு, ஹேக்கர்கள் எப்படி வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்று ஒருவர் விளக்குகிற வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் திரையின் மூலையில் எதிலோ பட்டுவிட்டது. ஒரு டிவியின் பெயர் வந்தது. மூடுவதாக நினைத்து அதையே அமுக்கினார்.

உள்ளே கெங்கம்மா வீறிட்டாள். "அய்யோ! திரும்பவும் வந்துட்டாண்டா! டிவில குந்திக்கினு அவனே பேசறான்!"

ஜெயவேல் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவர் போனில் இருந்த ஆள்தான் உள்ளே பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தினார், உள்ளேயும் நின்றது. பத்தடி தள்ளிப் போய் மறுபடி அமுக்கிப் பார்த்தார். இப்போது வேறொரு வீட்டு டிவியின் பெயர் வந்தது.

புரிந்துவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இது யார் வீடு என்று போனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் எந்தப் பெட்டியின் சிக்னல் பலமாக அடிக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வீட்டு டிவியில் பாடும். கெங்கம்மா வீட்டுப் பெட்டியை, பீம்ராவ் வீட்டை ஒட்டிய சுவரில் ஆணி அடித்து மாட்டியவரும் அவர்தான். கோட்டைக்குள் யாரும் புகவில்லை. அவர் கட்டிய கோட்டைக்குக் குறுக்குச் சுவரே இல்லை.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகிழினி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பாத்துக்கினுதான் இருந்தேன் மாமா."

"சும்மா டெஸ்ட்டிங்குமா."

"விம்கோ நகர் அத்தையண்ட வந்து சொல்லு."

"நீ வேற. நான் போய் சொன்னா, என் பேரு இன்னாவறது? பெரிய நெட்டு கம்பெனிக்காரன் ஒருத்தன் கேபிள் சுருள கையில வெச்சுக்கினு கேட்டாண்ட நிக்கறான். ஜெயவேலு லைன் கோளாறுன்னு தெரிஞ்சா அத்தினி வூடும் அவன்கிட்ட பூடும்."

"உன் பேருதான் மாமா எங்க வூட்டுல பாடுச்சு" என்றாள் மகிழினி. அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். "ஹேக்கருன்னு சொன்னா, அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒருத்தன் எங்க வூட்ட பாத்து வந்தான்னு அத்தை பயப்படுது. பீம்ராவ் மாமா வூட்டோட பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. நீ ஒருத்தன் வாயத் தொறந்தா ரெண்டும் சரியாவும்."

ஜெயவேல் கீழே இறங்கினார். பாதிப் படியில் நின்றார். மேலே ஏறினார். மறுபடி இறங்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் கொஞ்ச தூரம் போய், கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி நின்றபோது, எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கேயே வண்டியைத் திருப்பி விம்கோ நகருக்கு விட்டார்.

கார்குழலி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாபா, அன்னிக்கு ஹேக்கருன்னு சொன்ன ஆளுதானே நீ? புட்ச்சிட்டியா அவன?"

"புட்ச்சிட்டேம்மா."

"எங்க கீறான்?"

"தோ, உன் எதிர்ல நின்னுகினு கீறான்."

மொச்சை உரித்த கை நின்றது. ஜெயவேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"அப்போ அன்னிக்கு உட்டதெல்லாம் பீலா?"

"பீலா இல்லம்மா. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல நாக்கு வரல." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன். எட்டு பிளாக்குக்கு ஒத்த ஆளா நெட்டு குடுத்திருக்கேன். அங்க இவ்ளோ பெர்சா ஒரு தப்பு நடக்கணும்னா, அதையும் என்னாலதான் பண்ண முடியும். வேற எவனாலயும் முடியாது."

"அடப்பாவி, இதுல கூடவா உனுக்கு உதாரு!" கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்: "அத்தினி வூட்டுக்கும் ஒரே சாவி. அந்த சாவி உன் கையில. அதானே?"

"ஆமா."

"நாளைக்கு எம்புள்ள அந்த வூட்டுல போய் குந்திக்கினு போன்ல யார்கிட்டயோ இன்னாவோ அனுப்பறான். பக்கத்து வூட்டுக்காரன் அதுல கை வெக்கலாமா?"

ஜெயவேல் இதை யோசித்ததே இல்லை. தௌசீஃப் கடையில் உலகத்துக்கே புத்தி சொன்ன மனுஷன். "வெக்கத் தெரிஞ்சவன் வெக்கலாம்" என்றார்.

"அப்போ சாவிய மாத்து. அத்தினி வூட்டுக்கும். அப்பால சொல்லு, தட்டோட வரேன். கீழேர்ந்து மேல வரிக்கும் என் போன தூக்கிக்கினு நடப்பேன். ஒரு எடத்துல உன் பேரு தெரிஞ்சாலும் அப்டியே திரும்பிடுவேன்."

மறுநாளே ஆரம்பித்தார். முதலில் பீம்ராவ் வீடு. அவன் அப்பா பெயரையே வைக்கச் சொன்னான், வைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாக அவர் பெயர் அழிந்துகொண்டே வந்தது. பிள்ளை பெயர் வைத்தார்கள், சாமி பெயர் வைத்தார்கள், ஒரு வீட்டில் 'கிட்ட வராதே' என்று வைத்தார்கள். "இன்னாபா, எல்லாத்தயும் இப்ப வந்து மாத்தற, மொதல்லயே தெரியாதா?" என்று கேட்காத வாய் இல்லை. சிலர் வைதார்கள். மூன்றாவது பிளாக்கில் நான்கு வீடு, வேண்டவே வேண்டாம் என்று கம்பெனிக்காரனிடம் போய்விட்டது. அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் அடுத்த கதவைத் தட்டினார்.

பாஸ்வேர்டு போடும் நேரம் வந்தால் மட்டும் போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

"இன்னாண்ணே, வாத்தியார் நிக்க வெச்சா மாரி நிக்கற?" என்றாள் கெங்கம்மா.

"நீ போடு. எனக்குத் தெரியக் கூடாது."

"எனக்கே இங்கிலீஷ் எயுத்து தெரியாதே."

"மகிழினிய போடச் சொல்லு."

"அவ கண்ணாலம் ஆயி பூட்டான்னா?"

"அப்பால நீ ஞாபகம் வெச்சுக்கோ. என்ன கேக்காத. உன் வூட்டு சங்கதி உன்னோட."

"இத்தினி வருசமா எல்லாத்தயும் கையில வெச்சிருந்தவன் பேசற பேச்சா இது?" என்று கெங்கம்மா முனகினாள். ஜெயவேல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த முகூர்த்த நாளில் கார்குழலி சொன்னபடியே வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள். ஜெயவேல் நகத்தைக் கடித்தபடி பின்னாலேயே போனார். கடைசிப் படிவரை அவர் பெயர் எங்கேயும் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். அது அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் பாஸ் மார்க்.

கெங்கம்மா வீட்டில் கூட்டம் நெருக்கியது. பீம்ராவ்தான் வந்தவர்களுக்குக் கலர் உடைத்துக் கொடுத்தான். டிவியை யாரும் போடவில்லை. கார்குழலி தட்டைக் கையில் எடுத்தபோது ஜெயவேலின் செல் அடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அலறியடித்து வராண்டாவுக்கு ஓடினார்.

"ணா, நாலாவது மாடிலேர்ந்து ஜஹானாரா பேசறேன். நெட்டு வரல. பாஸ்வேர்டு மறந்துட்டேன், இன்னாணா அது?"

பழக்கத்தில் வாயைத் திறந்தார். அந்த வீட்டுப் பாஸ்வேர்டு இப்போது அவருக்கே தெரியாது.

"இரும்மா, மேல வரேன்."

கதவோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டு கை மாறியது. மகிழினி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். யாரோ குலவை போட்டார்கள். ஜெயவேல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னாபா, பந்தி போடற நேரத்துல எங்க?" என்று உள்ளேயிருந்து கார்குழலி கேட்டாள்.

"நாலாவது மாடிக்கு."

"இனிமே அத்தினி வூட்டுக்கும் நீயே ஏறி ஏறி எறங்குவியா?"

"என்ன வுட்டா வேற எவனுக்கு அந்த கால் கீது?" என்று சொல்லிவிட்டு ஜெயவேல் படியில் கால் வைத்தார்.