வெள்ளிக்கிழமை உயரமாக வந்த ஷெல்

கற்பூரமும் பிரஸ் ஆயிலும் கலந்து ஒரு வாசனை வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளிக்கிழமை காலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்... அந்த வாசனையை நினைத்தாலே கஸ்தூரியும் கூடவே வந்துவிடுகிறாள்.

கஸ்தூரி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எப்படியாவது எழுதிவிட வேண்டும்.

டிப்ளமோ முடித்த கையோடு இருவரும் ஒரே கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தோம். தகட்டை அழுத்திக் குவளை மாதிரி ஷெல் செய்யும் சின்ன பிரஸ் ஷாப். நான் கரையான்சாவடியிலிருந்து பஸ், அவள் நெமிலிச்சேரியிலிருந்து ரயில். டிசைன் மேசையில் பெண்கள் என்றால் நாங்கள்தான்.

எங்களுக்குக் கொடுத்தது அயர்னிங் கணக்கு. தட்டையான தகட்டை முதலில் ஒரு கப்பாக இழுப்பார்கள். பிறகு அந்தக் கப்பை, பஞ்ச் என்ற எஃகு உருளையால், கொஞ்சம் இறுக்கமான ஒரு எஃகு ரிங்குக்குள் தள்ளுவார்கள். அடிப்பாகம் அப்படியே இருக்கும். சுவர் மட்டும் மெலிந்து, மெலிந்த அளவுக்கு மேலே ஏறும். எவ்வளவு ஏறும், அதற்கு எவ்வளவு பெரிய பிளாங்க், அதாவது தகட்டு வட்டம், வெட்ட வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கஸ்தூரியின் அம்மா அக்கம்பக்கத்தில், “எம் பொண்ணு கம்பெனில இஸ்திரி போடுது” என்று சொல்லிவைத்திருந்தார். இவள் திருத்தவே இல்லை.

“இன்னா இப்போ... துணிக்குப் பதிலா தகடு. அவ்ளோதான?”

எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகத்தான் போடுவோம். முடித்ததும் அவள் கேட்பாள், “எனுக்கு வந்துட்ச்சு. உனுக்கு இன்னா வந்துச்சு?” இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு, அச்சு செய்யும் டூல் ரூமுக்குப் போகும். இல்லையென்றால் ஒரு டீ, மறுபடி முதலிலிருந்து.

அந்த மே மாதத்தோடு ட்ரெய்னிங் முடிகிறது. எனக்கு வீட்டில் நெருக்கடி எதுவும் இல்லை. அவளுக்கு இருந்தது. வேலை பெர்மனென்ட் ஆகாவிட்டால் நின்றுவிட வேண்டும், தாய்மாமனோடு கல்யாணம் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். முதலாளியோ, புது ஷெல் ட்ரையல் சரியாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த ஷெல் அவள் பொறுப்பில் இருந்தது.

ட்ரையல் வெள்ளிக்கிழமை. முதல் ஷெல் ராகு காலத்துக்கு முன்னால் விழுந்தாக வேண்டும்... அந்த எஸ்டேட்டில் இதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் ரிங்கின் துளையை அளவுக்குத் தேய்க்கும் கிரைண்டிங் இன்னும் முடியவில்லை. ஃபோர்மேன் தேவராஜ் சார் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஃபிட்டர் மணி அண்ணன் மெஷினிலிருந்து எடுத்த வேகத்தில் அளந்து பார்த்து, “கரீட்டா கீது சார்” என்று ஓடி வந்து மாட்டினார்.

குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். பிரஸ் இறங்கியது.

ஷெல் உயரமாக வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பார்த்ததுமே தெரிந்தது.

“இன்னாமா கணக்கு போட்ட? பிளாங்க பெர்சா குட்த்துட்டியே!” என்றார் தேவராஜ் சார். முதலாளி திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் இருவருக்கும் ஒரே விடைதான் வந்திருந்தது. ஆனால் இரண்டு பேருமே ஒரே தப்பைச் செய்திருந்தால்? அந்த நிமிஷம் என் கணக்கை நானே நம்பவில்லை.

கஸ்தூரி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எண்ணெய் வழிகிற ஷெல்லை எடுத்து, சுவரில் மைக்ரோமீட்டரை வைத்தாள்.

“சார், சுவரு டிராயிங்க விட மெல்சா கீது. பிளாங்க் பெர்சா இருந்தா சுவரு ஏன் மெலியப் போவுது? ரிங்க கயட்டிப் பாருங்க சார்.”

கழற்றினார்கள். மணி அண்ணன் அளந்தார். மறுபடி அளந்தார். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ... சூட்டோட அளந்துட்டேன்மா.”

கிரைண்டிங் சூட்டில் ரிங் விரிந்திருக்கிறது. அளவு வந்துவிட்டதென்று எடுத்துவிட்டார். ஆறியதும் துளை சுருங்கி, சுவரைக் கூடுதலாக மெலிய வைத்துவிட்டது. ராகு காலம் துரத்தும்போது ரிங் ஆற யார் நேரம் கொடுப்பது?

அதற்குள் ராகு காலமே வந்துவிட்டது. இனி அது முடிகிறவரை பிரஸ் ஓடாது. மணி அண்ணன் ரிங்கின் துளையை இன்னும் கொஞ்சம் தேய்த்து ஃபேனுக்குக் கீழே வைத்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரு ரிங் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்... கஸ்தூரி மட்டும் காய்ச்சல் குழந்தையின் நெற்றியைப் போல அதை அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

மதியம் விழுந்த ஷெல் நாங்கள் சொன்ன உயரத்தில் இருந்தது. எங்கள் ஷாப்பில், தேறிய முதல் ஷெல்லைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு அதிலேயே டீ குடிப்பார்கள். தேவராஜ் சார் முதல் டீயை அவளிடம் நீட்டினார். “குட்ச்சிக்கோமா. உன் கணக்குதான்.” அப்போதுதான் அழுதாள்.

பெர்மனென்ட் ஆனாள். பிறகு தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கடைசிவரை வேலையை விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோதும், “இப்போ இன்னா ஷெல்லு போட்டுகினு கீற?” என்றுதான் கேட்டாள்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். தகட்டின் கனம், பஞ்ச்சின் விட்டம், சுவரின் கனம் என்று கம்ப்யூட்டரில் தட்டினால் உயரம் திரையில் வந்துவிடுகிறது. ரிங்கை ஏசி அறையில் ஆறவிட்டுத்தான் அளக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

இருந்தாலும் ஒரு தாளில் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். ஒத்துப்போகிறது. ஒத்துப்போன பிறகும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்...

திரை தன் விடையைச் சொல்லிவிடுகிறது. எனக்கு என்ன வந்தது என்று கேட்பதில்லை.