தேர்வாய் கண்டிகை: ஏழுமலை அண்ணன் வேண்டாமென்ற வடை

என் மாமா கணையப் புற்றுநோயில் இறந்து பத்து மாதம் ஆகிறது. தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்தார். நவம்பர் இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம் என்று பள்ளி நூலகத்தில் படித்ததும், அவர் வேலை பார்த்த இடத்து வாசலிலேயே துண்டறிக்கை கொடுக்கலாம் என்று தோன்றியது. அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நானும் வரேன். உன்ன தனியா உட்டா புக்கு படிச்சிக்கினே ஆந்திரா போயிடுவ" என்றார். நேற்று, சனிக்கிழமை, கிளம்பினோம்.

திருவள்ளூரில் காலை 9.10க்குப் பேருந்து. பெரியபாளையத்தில் மாறி, கும்மிடிப்பூண்டி சேரும்போது 11.45. தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். மாறும் இடத்தில் நாற்பது நிமிடம் நின்றோம். இருவருக்கும் சேர்த்து 96 ரூபாய். வழியில் அத்தை என் துண்டறிக்கையை வாசித்தார். 'இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உறுப்பு கணையம்' என்று தொடங்கியிருந்தேன். பரீட்சைத்தாள் மாதிரி இருக்கிறது, நீ தாளைக் கொடு, நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கும்மிடிப்பூண்டியில் ஏழுமலை அண்ணனின் ஆட்டோ கிடைத்தது. போய்வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து 600 ரூபாய். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் கண்டெய்னர் லாரிகள். வழியெல்லாம் அவர் கையைச் சொறிந்துகொண்டே ஓட்டினார். கொசுக்கடி என்று நினைத்தேன். அரிப்பும் ஓர் அறிகுறி என்று நானே அச்சடித்த தாள் மடியில் இருந்தது!

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. மாமாவின் நண்பர்கள் அத்தையை அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். கண் மஞ்சளாவது, அரிப்பு, காரணமில்லாமல் மெலிவது, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுவது, திடீரென்று சர்க்கரை நோய் வருவது, இவற்றில் எது இருந்தாலும் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள் என்று அத்தை சொன்னார். நான் 140 தாள் கொடுத்தேன். சிலர் சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தார்கள்.

எதிரே டீக்கடையில் ஏழுமலை அண்ணனுக்கும் வடை வாங்கினோம். வேண்டாம் என்றார். அத்தை அவர் கண்ணையே பார்த்தார்.

"பத்தியமா தம்பி?"

"ஆமாங்க்கா. காமாலைக்கு நாட்டு மருந்து. உப்பு, எண்ணெ கூடாது. ரெண்டு வேளை ஆயிடுச்சு, நாளிக்கு மூணாவது. அத்தோட சரியாப்பூடும்."

"எங்கூட்டுக்காரரும் மூணாவது வேளை முடியட்டும்னுதான் சொன்னாரு. நானும் உப்பில்லாத கஞ்சி காச்சிக் குடுத்துக்கினே இருந்தேன்."

அவர் டீக்கடைக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தார். "இந்த நோயப் பத்திப் பேச வரீங்கன்னு ஏறும்போதே சொல்லியிருந்தா வேற ஆட்டோ காட்டியிருப்பேனே" என்றார். சிரிக்க முயன்றார்.

காமாலை எல்லாம் புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் வேறு காரணம்தான், ஆனால் எதுவென்று பரிசோதித்தால்தான் தெரியும் என்று நான் சொன்னேன். திரும்பும்போது அவர் பேருந்து நிலையத்தில் நிறுத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குள் ஆட்டோவை விட்டார். மணி 3.35. ரத்தம் எடுத்தார்கள், திங்கட்கிழமை ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அத்தை அவர் மனைவியின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

நீங்களும் இப்படிப் போவதானால் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். தாளில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். பேச்சுக்கு என் அத்தையைப் போல ஒருவரை அழைத்துப் போங்கள். கூட வருபவர் வடை வேண்டாம் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு அத்தை ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தார். மூன்றாவது வேளைக்கு அவர் போகவில்லையாம். "சாம்பாருல உப்பு போடுன்னு சண்டை புடிச்சி நாஷ்டா துன்னுக்கினு கீறாருக்கா" என்றார் அவர் மனைவி.

ஸ்கேன் நாளைக்குத்தான். அத்தை போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இட்லி வைத்தார். எங்கள் வீட்டுச் சாம்பாரிலும் இன்று உப்பு கொஞ்சம் தூக்கல்.