எண்ணூறு மீட்டருக்கு வெளியே

பல்கலைக்கழக அணிக்கான அந்த இரண்டு நாள் தேர்வில் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. முதல் நாள் காலை எண்ணூறு மீட்டர். மூன்றாவதாக வந்தேன். ஒரு பிரிவுக்கு இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள்.
2. அன்று மாலை ஆயிரத்து ஐந்நூறு. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்வரை முன்னால் இருந்தேன். முடியும்போது ஐந்தாவது.
3. இரண்டாம் நாள் காலை நானூறு. தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டேன். என் தோழி இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்தாள்.
4. மதியம் எங்கள் பி.டி. மேடம் என்னைக் கேட்காமலேயே மூவாயிரம் மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் என் பெயரை எழுதினார்.
5. அன்று மாலை, முதல் தண்ணீர்க் குழியில் தலையோடு முழுகினேன்.
6. எழுந்தேன்.

கல்லூரியில் அது எனக்குக் கடைசி வருடம். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பு முடிந்ததும் மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர ஆர்டர் கையில் இருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் அம்மா, அந்த ஆர்டர் வந்த நாளிலேயே என் ஓட்டத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டாள்.

“டீமுல ஒரு தபா உன் பேரு வரட்டும். வந்தா, வேலைக்குப் போற எடத்துல ‘நான் ஓடுறவ, பயிற்சிக்கு நேரம் வோணும்’னு தகிரியமா கேளு. வரலன்னா வுட்ரு. ஷிப்டுக்கும் போயி, விடிகாலைல ரோட்லயும் ஓடிகினு கெடந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”

நான் ஒப்புக்கொண்டேன். அம்மா சொன்னது நியாயம்தான். அதனால் அந்த இரண்டு நாட்களில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: அணியில் ஒரு இடம். எண்ணூறில் கிடைத்தால் நல்லது. எட்டாம் வகுப்பிலிருந்து அதுதான் என் தூரம் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

ஆனால் யாரும் என்னை அந்த ஒரு தூரத்தில் மட்டும் ஓடவிட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. வட்டாரப் போட்டி வந்தால் மொத்தப் புள்ளிகளுக்கு ஒரு ஷீல்டு இருக்கும். தலைமை ஆசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் அதற்கென்று ஒரு இடம் காலியாக இருக்கும். ஓடத் தெரிந்த பெண்கள் நான்கைந்து பேர்தான் என்பதால், எந்தப் பிரிவில் ஆள் இல்லையோ அதில் எங்களில் ஒருத்தியின் பெயரைப் போட்டுவிடுவார்கள். மூன்றாவதாக வந்தாலும் ஒரு புள்ளி. அப்படி நான் நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம், தொடர் ஓட்டம் எல்லாம் ஓடியிருக்கிறேன். ஒரு வருடம் ஈட்டி எறிந்தேன். அது வால் பக்கமாக விழுந்தது. புள்ளி கிடைக்கவில்லை.

கல்லூரியிலும் அதே கதை தொடர்ந்தது. செங்கல்பட்டு டவுனிலிருந்து வரும் என் தோழி நானூறைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். எண்ணூறு ஓடச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பயிற்சி முடிந்து பொத்தேரியில் பரோட்டாவுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம் என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னாள்.

“நீ ஃபுல் மீல்ஸ்டி. எல்லாம் கீது. எதையும் ரெண்டாவது தபா கேக்கத் தோணாது.”

“அப்போ நீ?”

“நான் ஒத்த ஐட்டம். பிரியாணி.”

சிரித்தேன். ஆனால் ரயிலில் திரும்பும்போது அது உறுத்தியது. எங்கள் ஆய்வகத்தில் முதலில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அழுத்தமானி வாங்கும்போது அது எவ்வளவு வரை அளக்கும் என்று மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. நீங்கள் அளக்கப்போவது அதன் அளவுகோலின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் விழுந்தால் முள் ஏதோ ஒன்றைக் காட்டும், நம்ப முடியாது. என் அளவுகோலின் ஒரு முனையில் நானூறு, மறுமுனையில் மூவாயிரம். நடுவில் எண்ணூறு இருப்பதாக நான் நம்பியிருந்தேன். அங்கும் என்னைவிட வேகமாக இரண்டு பேர் ஓடினார்கள். தேர்வு நாளில் புதிதாக நடந்த சங்கதி இல்லை அது. இரண்டு வருடமாகவே அப்படித்தான்.

ஸ்டீப்பிள்சேஸ் எங்களுக்கு அறிமுகமானது பொங்கல் விடுமுறையில். மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும், வழியில் தடைகளைத் தாண்ட வேண்டும். அந்தத் தடைகள் ஹர்டில்ஸ் போலத் தட்டினால் விழாது, கனமான மரம், நாம்தான் விழுவோம். சுற்றுக்கு ஒரு முறை, தடையை ஒட்டினாற்போல் ஒரு தண்ணீர்க் குழியும் இருக்கும். பெண்கள் அதிகம் சேராத பிரிவு. “யாராச்சும் கத்துக்கோங்கம்மா, நம்ம காலேஜ்ல ஆளே இல்ல” என்று மேடம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எனக்குக் கால் வலு கூடினால் எண்ணூறுக்கு நல்லது என்று தோன்றியது. தோழி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம்.

தடைகளை நாங்களே செய்தோம். தோப்பில் வெட்டிப் போட்டிருந்த சவுக்குக் கழிகளைக் கேட்டு வாங்கி, காலி மீன் பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் குறுக்கே வைத்தோம். தண்ணீர்க் குழிக்கு எங்கே போவது? அலை பின்வாங்கியதும் கரையில் ஒரு குட்டை தங்கும். அதன் விளிம்பில் ஒரு தடையை வைத்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாம்மா, கடலுக்கு வேலி போட்டுகினு கீறீங்களா?”

“ஆமா அண்ணாத்த, மீனு உங்க வலைக்கு வராம தடுக்குறோம்” என்றாள் தோழி.

“அது ஏற்கெனவே வர்றதில்ல. நீ வேற தடுக்கணுமா?”

விடுமுறை முடியும்வரை தினமும் காலையில் தாண்டினோம். தோழி இரண்டாம் நாளே பெட்டி மேல் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்பவளாக மாறிவிட்டாள். நான் விடாமல் செய்தேன். உருண்டைக் கழி என்பதால் அதன் மேல் காலை வைத்தால் உருளும். ஆகவே தொடாமல் தாண்டப் பழகினேன். குட்டையில் தூரமாகப் போய் விழுந்தால் அங்கே மணல் இளகி, கால் புதையும். ஆகவே தடைக்குப் பக்கத்திலேயே இறங்கப் பழகினேன். கழியைத் தொடாதே, கிட்டத்தில் இறங்கு. இந்த இரண்டும் உடம்பில் நன்றாக ஏறிவிட்டன.

தேர்வின் இரண்டாம் நாள் மதியம், நானூறிலும் வெளியேறிய பிறகு, காலரி நிழலில் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேடம் வந்தார்.

“கட்டு, கட்டு. சாயங்காலம் ஸ்டீப்பிள்ல உன் பேரைக் குடுத்திருக்கேன். மூணு பேர்தான் இருந்தாங்க. உன்னோட நாலு.”

“மேடம், நான் மணல்ல தாண்டினது மட்டும்தான்.”

“அவங்கள்ல ஒருத்தி அதுகூடத் தாண்டல. ரெண்டு பேரை எடுப்பாங்க. யோசிச்சுப் பாரு, வேணாம்னா பேரை அடிச்சிடுறேன்.”

“மேடம், அவ தாண்டுவா. கடலையே தாண்டுனவ” என்றாள் தோழி, வாயில் குளுக்கோஸுடன்.

அடிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கால்கள் கனத்தன. ஆனால் அவிழ்த்த லேஸை மறுபடியும் கட்டினேன்.

நான்கு பேர் நின்றோம். ஒருத்தி போன வருடமும் அணியில் இருந்தவள். இன்னொருத்தி முதல் நாள் ஐயாயிரத்தில் முதலாவதாக வந்த முதலாண்டுப் பெண், மதுராந்தகம் பக்கம் படாளத்துக்காரி. நான்காமவள் என்னைப் போலவே கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவள். ஓட்டம் மெதுவாகத் தொடங்கியது. முதல் தடைகளை நான் தொடாமல் தாண்டினேன். மற்றவர்கள் ஒவ்வொரு தடைக்கு முன்னும் எட்டுகளைக் குறுக்கிக்கொண்டார்கள், எனக்கு அது தேவைப்படவில்லை. சவுக்குக் கழிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பிறகு தண்ணீர்க் குழி வந்தது. மணலில் செய்ததையே செய்தேன். தடையைத் தொடாமல் தாண்டி, பக்கத்திலேயே இறங்கினேன். அங்கே தரை இல்லை. இருந்தது, ஆனால் நான் நினைத்த இடத்துக்கு வெகு கீழே. முன்பாதம் வழுக்கி, முகம் குப்புறத் தண்ணீருக்குள் போனேன். காலரியில் “அய்யோ” என்று நிறையக் குரல்கள். அதில் ஒன்று தோழியுடையது. அதற்கு அடுத்ததும் அவளுடையதுதான்.

“எழுந்திரு எரும! இது இன்னா உங்க ஊரு பீச்சா, குளிச்சிகினு கீற!”

எழுந்து ஓடினேன். இப்போது கடைசி. ஸ்பைக்ஸ் ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. அடுத்த முறை குழி வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். பழைய அணிக்காரி தடை மேல் ஒரு காலை வைத்தாள், அதை உதைத்துக்கொண்டு முன்னோக்கிப் பாய்ந்தாள், குழியின் மறு ஓரத்தில் இறங்கினாள். அங்கே அவளுக்குக் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அப்போதுதான் புரிந்தது. குழியின் தரை சாய்தளம். தடையை ஒட்டி ஆழம், தள்ளிப் போகப் போக மேடு. எங்கள் குட்டைக்கு நேர் எதிர். நான் உடம்பில் ஏற்றி வைத்திருந்த இரண்டு விதிகளும் இங்கே தலைகீழ்: மரத்தின் மேல் காலை வை, முடிந்தவரை தள்ளி இறங்கு.

புரிந்ததால் மட்டும் உடம்பு கேட்டுவிடவில்லை. இரண்டாம் முறையும் கிட்டத்திலேயே விழுந்தேன், இடுப்புவரை நனைந்தேன். மூன்றாம் முறை காலை வைத்தேன். மரம் உருளவில்லை. உருளாது என்று தெரிந்தும் அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உதைத்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, விழாமல் வெளியே வந்தேன்.

அதன் பிறகு இது ஓட்டமாக மாறியது. முன்னால் போனவர்களைத் துரத்தவில்லை. ஆயிரத்து ஐந்நூறில் பலமுறை அப்படித் துரத்தித்தான் செத்திருக்கிறேன். ஒரே சீராகப் போனேன். தடைகளுக்கு இடையே நானூறுக்குப் பழகிய நீண்ட எட்டு தானாக வந்தது. நான்காமவளின் முதுகு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. மணி அடித்தபோது அவளுக்குப் பத்தடி பின்னால் இருந்தேன். அந்த இடத்திலிருந்து எப்படி ஓடுவது என்று எனக்குத் தெரியும், அது எண்ணூறின் இரண்டாவது சுற்று. மைதானத்தின் எதிர்ப்பக்க நேர்பாதையில் அவளைத் தாண்டினேன். கடைசித் தண்ணீர்க் குழியில் சுத்தமாக இறங்கினேன். படாளத்துப் பெண்ணை எட்டிப் பிடிக்க மிச்சமிருந்த தூரம் போதவில்லை. மூன்றாவது.

இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். புல்லில் படுத்துக்கொண்டேன். தோழி வந்து தலைமாட்டில் நின்றாள். என் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தாள். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை எதிலும் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போது அந்தப் படாளத்துப் பெண், நனைந்த சாக்ஸுடன் தத்தித் தத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் மேடம்.

“அக்கா, எனுக்கு இது வோணாம்” என்றாள்.

“எது?”

“இந்தத் தண்ணி வேல. போட்டியில ஐயாயிரமும் இதுவும் ஒரே நாள்ல வெச்சிருக்காங்களாம். ரெண்டும் ஓடுனா நான் செத்துருவேன். எனுக்கு ஐயாயிரம் போதும். நீயே எட்த்துக்கோ.”

“ஏய், மாங்கா பறிச்சிக் குடுக்கிற மாதிரி பேசாத” என்றார் மேடம். பிறகு என்னிடம், “தேர்வுக் கமிட்டியில கேட்டுட்டேன். அவ எழுதிக் குடுத்துட்டா. மூணாவதா வந்தவளுக்குத்தான் போகும். விழுந்ததுக்கப்புறம் நீ ஓடினதைப் பாத்தாங்க, யாரும் மறுத்துப் பேசல. உனக்குச் சம்மதமா?”

எண்ணூறு என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். பிறகு சம்மதம் என்றேன்.

அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். பின்னணியில் சலவை எந்திரம் ஓடும் சத்தம்.

“வந்துச்சா?”

“வந்துச்சும்மா. ஆனா எண்ணூறுல இல்ல, வேற ஒண்ணுல.”

“எதுல?”

“மூவாயிரம். நடுவுல தடை தாண்டணும், தண்ணில எறங்கணும்.”

எந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள் அம்மா.

“தண்ணிலயா? அதுக்குத்தான் பொங்கலப்போ துணியெல்லாம் மண்ணாக்கினியா?” என்றாள். பிறகு, “சரி, சொன்னது சொன்னதுதான். போய்க் கேளு” என்றாள்.

இப்போதைய நிலைமை இது. ஸ்டீப்பிள்சேஸில் இரண்டாவது பெயர் என்னுடையது. எண்ணூறில் நான் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் உண்மையான குழியில் பயிற்சி. இடது காலை வைத்து ஏற வந்துவிட்டது, வலது காலுக்கு இன்னும் வரவில்லை. தொழிற்சாலைக்கு மெயில் அனுப்பி, காலைப் பயிற்சிக்கு ஏற்ற ஷிப்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.