வரிசையில் போட்ட மாத்திரை

திருவொற்றியூரிலிருந்து துறைமுக வாசல் வரை கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசை நகர ஒரு பகல் முழுக்க ஆகும். முன்வண்டி நகர்ந்ததும் நகராதவனைப் பின்வண்டி தாண்டிவிடும்; அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அரை மணிக்கு ஒருமுறை மூத்திரம் முட்டியது. இறங்கி ஓரமாய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முடிப்பதற்குள் நாலு வண்டி தாண்டியிருக்கும். இப்படி இரண்டு முறை, சரக்கு ஏற வேண்டிய கப்பலைத் தவறவிட்டேன். இன்னொரு முறை தவறினால் சாவியை வைத்துவிட்டுப் போகும்படி முதலாளி சொல்லிவிட்டார். ஆறாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராய்த் திரிந்தவன் நான். வேலை போனால் வேறு ஊர் என்பதுதான் என் வழக்கம். அந்த வயதில் போக ஊர் மிச்சமில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி பெருத்துப் பாதையை நெருக்குகிறது, பயப்படும்படி வேறொன்றும் இல்லை என்றார். மாத்திரை பாதையைத் தளர்த்துமாம். ராத்திரி சாப்பிட்டபின் ஒன்று. எழும்போது மெதுவாக எழ வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். தலையாட்டிவிட்டு வந்தேன். ராத்திரியில் எனக்கு ஏது வரிசை? தலைவலி மாத்திரை மாதிரி, தேவைப்படும்போது போடுவதுதானே என்று நினைத்து, மறுநாள் காலை வரிசையில் சேர்ந்ததும் இரண்டைச் சேர்த்து விழுங்கினேன்.

உச்சி வேளைக்கு முன் முட்டியது. வழக்கம்போல் கேபினிலிருந்து குதித்தேன். கடல், லாரிகள், மீன் கூடைக்காரி எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. ஆனால் அதே நேரம், குழாய் திறந்ததுபோல் கொட்டியது. எத்தனை வருஷத்துக்கப்புறம்! அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

பின்வண்டி டிரைவர், வியாசர்பாடிக்காரர், இறங்கி வந்தார்.

"இன்னா மாமு, காலைலயே ஏத்திக்கினியா?"

மாத்திரை போட்டதில் தலை சுற்றுகிறது என்றேன். ஊதச் சொன்னார். ஊதினேன். சாம்பார் வாசனைதான்.

"இந்தத் தலைய வச்சிகினு நீ வண்டிய தொடாத" என்று சாவியைப் பிடுங்கி, வண்டியை ஓரங்கட்டி, சாவியை மீன் கூடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, வரிசை வழக்கப்படி என்னைத் தாண்டிப் போனார். மூன்றாவது கப்பலும் போயிற்று.

முதலாளிக்கு ராயபுரத்தில் மொத்த வியாபாரக் கடை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் குடித்திருந்ததாக அவருக்குச் செய்தி போயிருந்தது. மறுநாள், தலை தெளிந்தபின், சாவியை மேசையில் வைத்துவிட்டு, எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று முட்டியது, சொட்டியது, கொட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். கடைப்பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கீரு?"

"அஞ்சு."

"நான் ஆறு" என்றார், கொஞ்சம் பெருமையோடு. "அந்த மாத்திரையக் காட்டும்."

என் மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, முதலில் டாக்டரம்மா பார்க்கட்டும் என்றேன். யோசித்தார். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினார்.

"வண்டிய எடும். நானும் வாரேன்."

கன்டெய்னரைக் கழற்றிவிட்ட லாரியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தினோம். அதில் இரண்டு அவருக்காக.