இரண்டு செட் வைக்காத கடை

வாடகைப் பாத்திரக் கடை வைத்தால் காலத்துக்கும் நிற்கும் என்று நம்பினேன். ஆற்றில் தண்ணீர் வராமல் போகலாம், கட்சி மாறலாம், கல்யாணம் நிற்காது. காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எதுவும் நிற்காது. நாலு ஜனத்தைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற எந்த வீட்டுக்கும் அண்டா வேண்டும்.

அதுவரை நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு பண்ணையில் காரியம் பார்த்தேன். களத்தில் நெல் அளப்பது, ஆள் கூப்பிடுவது, வாய்க்கால் சண்டைக்குப் போய் நிற்பது, இதுதான் வேலை. கூலித் தகராறு முற்றி, அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கி, பண்ணைக்கும் செங்கொடிக்காரர்களுக்கும் பேச்சே அற்றுப்போன வருஷங்கள் அவை. நில உச்சவரம்பு வருகிறது என்றதும் முதலாளி நிலத்தை உறவுக்காரர்கள் பேருக்குப் பிரித்து எழுதிவிட்டுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு போனார். "இனிமே காரியம் பார்க்க என்னப்பா இருக்கு?" என்று ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா விட்டுப்போன கொல்லை நிலத்தை விற்றுக் கும்பகோணத்தில் பாத்திரம் எடுத்தேன். அண்டா, தவலை, வாளி, கரண்டி, பந்திக்கு ஜமக்காளம். பேர் வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்தேன். மற்ற கடைக்காரர்கள் தங்கள் பேரின் முதலெழுத்தை மட்டும் பாத்திரத்தின் அடியில் சின்னதாக வெட்டிக்கொள்வார்கள். நான் ஒவ்வொன்றின் கழுத்திலும் 'சிவமயம்' என்று பெரிதாக வெட்டச் சொன்னேன். சாமி பேர் இருந்தால் தொழில் நிலைக்கும் என்று எண்ணம். பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தாலும் இன்னார் கடைப் பாத்திரம் என்று தெரியும். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கடை நன்றாகத்தான் நடந்தது. பாத்திரம் போகும்போதும் வரும்போதும் நானும் என் வீட்டுக்காரியும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். பித்தளைக்கு உள்ளே பூசிய ஈயம் தேயவிட மாட்டேன். அடிபட்டு வந்தால் சண்டை போட மாட்டேன். கோயில் அன்னதானத்துக்கு வாடகை கிடையாது, பாத்திரத்தை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். இதற்கு மேல் ஒரு கடை நிலைக்க என்ன வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு தை மாதம் பண்ணையாட்கள் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். கூலித் தகராறில் கொடியோடு முன்னால் நின்றவர். கூலி நெல் அளக்கிற மரக்காலை நடுவில் வைத்துக்கொண்டு அவரும் நானும் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். கடைக்கு வெளியே வெயிலிலேயே நின்றார்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அண்டா வேணும்."

"உள்ள வாங்க."

"உள்ள வந்தா மரக்கால எடுத்துருவீங்க."

"மரக்கால் எங்க இருக்கு, அண்டாதான் இருக்கு. அதுலயே அளக்கட்டுமா?"

"அன்னிக்கே அண்டாவுல அளந்திருந்தா நாங்க ஏங்க கொடி புடிக்கிறோம்?" என்று சிரித்தார். ஆனால் உள்ளே வரவில்லை.

அந்தத் தெருவுக்கு அதுவரை எந்தக் கடையும் பாத்திரம் கொடுத்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை. மண்பானைகளிலும் ஆளுக்கொரு வீட்டுச் சட்டியிலும் ஆக்கிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரி நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "குடுத்துட்டு அப்புறம் பயந்துகிட்டு உக்காரக்கூடாது. இப்பவே யோசிச்சுக்கங்க" என்றாள். யோசித்தேன். நெல் அவர்கள் நட்டது, அவர்கள் அறுத்தது. அது வேகிற பாத்திரத்தில் மட்டும் என்ன தீட்டு வந்துவிடப் போகிறது? கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் போயும் வந்தேன். ஐயர் இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். தலைமை தாங்கியவர் மேலத்தெருக்காரர், கிளைக் கழகச் செயலாளர். ஒலிபெருக்கியில் அரைமணி நேரம் பேசினார். ஒன்றே குலம் என்றார். என் அண்டாவைக் கையால் காட்டி, "சமத்துவம் அடுப்பிலேயே கொதிக்குது பாருங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாசிக்குள் அந்தச் செயலாளரின் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. பாத்திரத்துக்கு என்னிடம்தான் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அவரே வந்தார்.

"தப்பா நெனைக்காத. எனக்கொண்ணும் இல்ல. பொம்பளைங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. மன்னார்குடியிலேர்ந்து எடுத்துக்கறோம்."

"தேச்சுத்தானே வச்சிருக்கோம்."

"தேச்சா சரிதாம்ப்பா. உன் பாத்திரத்துலதான் இம்மாம் பெரிசா வெட்டியிருக்கே. அங்க கொதிச்ச அண்டான்னு ஊரே பார்த்திருச்சு." பிறகு குரலைத் தணித்தார். "ரெண்டு செட்டா வச்சுக்க. அவங்களுக்குத் தனியா, நமக்குத் தனியா. தொழில்னா நாலையும் பார்க்கணும்."

"மேடையில வேற சொன்னீங்களே?"

"அது மேடை" என்றார். வெட்கப்படவில்லை, கோபப்படவும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டாவது செட் நான் வாங்கவில்லை. நாள் முழுக்கச் சிவன் பேரைச் சொல்லிவிட்டு, அதே பேர் வெட்டிய பாத்திரத்தை இது மேல், இது கீழ் என்று பிரித்து அடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் பாத்திரம் வேண்டாம் என்று ஆளிடம் சொல்லியனுப்பினார்கள். சிலர் அதுகூடச் சொல்லவில்லை. வேறு கடைப் பாத்திரத்தை ஏற்றிய வண்டி என் வாசல் வழியாகப் போகும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதெல்லாம் போகட்டும். பங்குனி உத்திர அன்னதானத்துக்கு வழக்கம்போல வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். தர்மகர்த்தா வெளியே வந்து, "இந்த வருஷம் ஏற்பாடு ஆயிடுச்சு" என்றார். "வாடகை இல்லீங்களே" என்றேன். "தெரியும்" என்று உள்ளே போய்விட்டார். வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு உள்ளே போய்க் கும்பிடக்கூட இல்லை. கும்பிட்டு என்ன கேட்பது?

அந்தத் தெருக்காரர்களை நம்பியும் கடையை ஓட்ட முடியவில்லை. தை பிறந்தால் இரண்டு கல்யாணம், பிறகு அடுத்த அறுவடைவரை அங்கே என்ன இருக்கிறது? அப்புறம் சங்கத்தில் பணம் போட்டுச் சொந்தமாகவே பாத்திரம் வாங்கிக்கொண்டார்கள். அதைச் சொல்லத்தான், மகள் கல்யாணத்துக்கு அண்டா எடுத்தவர் வந்தார். "எங்களால ஒங்களுக்கு இப்படி ஆயிடுச்சு" என்றார். "ஒங்களால ஒண்ணுமில்ல" என்றேன். உள்ளுக்குள் அவர்மேலும் எரிச்சல் இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத முடியாது.

பித்தளையை எடைக்குப் போட்டேன். அதற்கப்புறம் செயலாளரின் மச்சினன் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்தான். முன்பக்கம் ஒரு செட், கொல்லைப்பக்கம் ஒரு செட். இன்றைக்கும் நன்றாக நடக்கிறது, இப்போது அவன் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். நான் ரைஸ்மில்லில் மூட்டைக்கு நம்பர் போடுகிற வேலைக்குப் போனேன்.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது பக்கத்தில் வேறு கடை இல்லை. சம்பந்தி வீட்டார், பாத்திரம் எங்கே எடுக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். செயலாளரின் மச்சினன் கடைக்கே போனேன். அவன் மரியாதையாக எழுந்து நின்றான். "அண்ணே, ஒங்களுக்கு நம்ம செட்டே தர்றேன், கவலைப்படாதீங்க" என்றான்.

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சம்பந்தியை நினைத்தேன், பெண்ணை நினைத்தேன். முன்பக்கத்து அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் வைத்தேன்.